கணவாய்ப் பெட்டிமேல் வைத்த வடதுருவ மண்

அன்று குளிர்க்கிடங்கில் இருந்தவர்கள் மூன்று பேர்: கணவாய் மீன் பெட்டிகளை அடுக்கி எண்ணும் நான், எடை போடும் அண்ணாச்சி, தெர்மாகோல் பெட்டியோடு வந்த ஆராய்ச்சி மாணவி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்தப் பெண் சொன்னதில் எனக்குப் புரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

கல்லூரி ஃப்ரீசர் பழுதாம். ஏழு நாள் இடம் வேண்டும். நாளுக்கு இருநூறு ரூபாய் என்று பேசினோம். பெட்டிக்குள் அலுமினியத் தாளில் சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலங்கள். எல்லாம் வடதுருவத்துக் கடலடியில் அடுக்கடுக்காக வெட்டியெடுத்த மண்.

"மண்ணையா கொண்டாந்திருக்க? நம்ம தருவைகுளத்துல இல்லாத மண்ணா?" என்றார் அண்ணாச்சி.

அவள் சிரித்துவிட்டாள். "அங்கன கடல் உறைஞ்சு கெடக்கும்லா, அந்தப் பனிக்கு அடியில ஒரு பாசி வளரும். அது எண்ணெய் மாதிரி ஒரு பொருள் உண்டாக்கும். பாசி செத்து அடியில விழுந்தாலும் அது மண்ணுல அழியாம கெடக்கும். எந்த அடுக்குல அது இருக்கோ, அந்தக் காலத்துல அங்கன பனி இருந்திருக்கு."

"அப்பம் பனி வந்துச்சா வரலையான்னு பாசி அட்டென்டென்ஸ் எடுத்து வச்சிருக்கு. ஏலே, நீ பள்ளிக்கூடம் போனதவிட அது ஒழுங்கா வந்திருக்கும்!" என்று என்னை இடித்தார்.

போகும்போது அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "தாள மட்டும் பிரிச்சிராதிய அண்ணே."

மூன்றாம் நாள் ஒரு பொட்டலத்தின் ஓரம் கிழிந்திருந்தது. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிப் போகிற ஆள் நான். மண்ணில் கணவாய் வாடை ஏறிவிடுமே என்று பதறி, கணவாய் கட்டுகிற பாலிதீன் பையிலேயே அதைப் போட்டு இறுக்கினேன். தாள் இன்னும் கிழிந்து மண் விரலில் ஒட்டியது. வழித்து உள்ளேயே தட்டினேன். அவள் வருகிற அன்று பயம் வந்து, பையை உருவிவிட்டுத் தாளை ஒன்றும் நடக்காதது போல மடித்து வைத்தேன். அவள் அறுநூறு தந்தாள். மீதி உதவித்தொகை வந்ததும் என்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது.

"ஒரு பொட்டலம் கெட்டுப்போச்சு அண்ணே. மிஷின்ல மீன் எண்ணெயும் பிளாஸ்டிக்குமா காட்டுது. பாசியோடது அதுல முங்கிட்டு. அந்த அடுக்குல வேற மண்ணும் கெடையாது. கையுறை போடாம நாந்தான் தொட்டுட்டனோ?"

சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "இருக்கும்மா."

"சார்ட்ட அப்படியே எழுதிக் குடுத்துருதேன். ஆராய்ச்சியில அந்த அடுக்கோட எடத்த காலியாத்தான் விடணும்."

செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாள். அதன் பிறகும் மாதம் தவறாமல் அவளிடமிருந்து செய்தி வருகிறது: "மன்னிச்சிருங்க அண்ணே, அடுத்த மாசம் கண்டிப்பா தந்திருதேன்." பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். அவள் கணக்கில், எனக்குத் தர வேண்டிய பாக்கி எண்ணூறு ரூபாய்.