ஐயருக்குக் கொட்டிய கெட்டிமேளம்

சின்னமனூரில் நான் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோவின் முதலாளிக்கு நறுக்க மட்டும்தான் தெரியும். நறுக்கினால் பின்னால் உள்ள படமெல்லாம் முன்னால் நகரும். தனியாகச் சேர்த்த மேளச் சத்தம் நகராது. அதனால் நான் நறுக்காமல், வேண்டாத இடத்தின் மேல் வேறு காட்சியை வைத்து மூடிவிடுவேன்.

“ஒட்டுப் போடுற பொழப்புடா இது” என்று சொல்லி, தாலி கட்டும் முன் மாப்பிள்ளை தும்மியதை முதலாளியே நறுக்கினார். மறுநாள் பெண்ணின் அப்பா பார்த்தார். தாலி கட்டும்போது சத்தமே இல்லை. ஐயர் தண்ணீர் குடிக்கும்போது கெட்டிமேளம் கொட்டியது.

“ஐயருக்கா கல்யாணம்? சம்பந்தி வீட்டுல பாத்தாகன்னா காறித் துப்புவாக!”

முதலாளி என்னைக் கைகாட்டினார். நான் பழையபடி மாற்றி, தும்மலைப் பூத்தட்டுக் காட்சியால் மூடினேன். மேளம் சரியாக விழுந்தது.

“மேல வச்சு மூடுன்னு இவன்கிட்ட எத்தனை தடவ சொல்றது!” என்றார் முதலாளி.

அந்த முகத்துக்கும் ஒரு பூத்தட்டு தேவைப்பட்டது.