கால்கள் விலகிய இடம்

அவள் எடுக்கும் படத்தில் தலையே விழாது. யாரைப் பிடிக்கச் சொன்னாலும் வேட்டி, முழங்கால், பாதம். கழுத்துக்கு மேலே ஒன்றும் இருக்காது. "பேசுறது வாயா, காலா?" என்று கத்துவேன். எனக்குப் பொறுமை கம்மி.

"நான் இன்னா பண்றது டீச்சர், கண்ணு தன்னால கீழ போவுது" என்பாள். தோல் பதனிடும் டேனரியில் அவளுக்குத் தரம் பிரிக்கும் வேலை. தரையில் விரித்துப் போட்ட தோல்களைக் குனிந்து பார்த்து, கீறல் எங்கே, ஓட்டை எங்கே என்று தேடித் தேடியே பல வருஷங்கள் போயிருந்தன. சாலையில் நடக்கும்போதுகூட அவள் எதிரே பார்த்து நான் கண்டதில்லை.

அது எண்பதுகளின் பின்பாதி. வேலூரில் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்துக்கு யாரோ ஒரு வீடியோ கேமரா கொடுத்திருந்தார்கள். தோளில் வைக்கும் கேமரா தனி, ஒயரால் இணைத்த ரெக்கார்டர் பெட்டி தனி. ஒருத்தி கேமராவோடு நடந்தால் இன்னொருத்தி பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போக வேண்டும். அதை ஆம்பூருக்குக் கொண்டுபோய், டேனரிப் பெண்கள் சிலருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களே தங்கள் டேனரியின் பழைய கதையைப் படமெடுக்கும்படி செய்வதுதான் எனக்கு இட்ட வேலை.

எதற்காக வந்தீர்கள் என்று முதல் நாள் எல்லோரையும் கேட்டேன். சினிமா பிடிக்கும் என்றாள் ஒருத்தி. டேனரியில் அரை நாள் லீவு கிடைக்கிறது என்றாள் இன்னொருத்தி. இவள் மட்டும், "மைக்க நீட்டினா பதில் சொல்லித்தான ஆவணும்? எங்க வூட்டுக்காரு இன்னா ஆனாருன்னு கேக்கணும்" என்றாள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு காலையில் அதே டேனரிக்கு வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் தாலியோடும் பொட்டோடும்தான் இருந்தாள். ஆனால் கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாது. வம்பு எதற்கு என்று கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள். "இருக்காரா இல்லயான்னு தெரிஞ்சா போதும் டீச்சர். இருந்தா உக்காந்து திட்டுவேன். இல்லன்னா அழுது தீத்துடுவேன்" என்றாள்.

பழைய தொழிலாளிகளைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தோம். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டது, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இடுப்பளவு நின்று மிதித்தது, கை கால் வெந்து தோல் உரிந்தது எல்லாவற்றையும் ரொம்ப உற்சாகமாகச் சொன்னார்கள். கடைசியில் அவள் தன் கேள்வியைக் கேட்பாள். உடனே ஒரு சின்ன இடைவெளி. பிறகு, "அவன் பெங்களூர் போய்ட்டான்மா. நல்ல பையன்." 

அறையில் டேப்பை ஓட்டிக் குறிப்பெடுத்தபோதுதான் கவனித்தேன். ஆள் மாறுகிறது, குரல் மாறுகிறது, வார்த்தை மாறவில்லை. அதே இடைவெளி, அதே பெங்களூர், அதே நல்ல பையன். ஒருவர் சுண்ணாம்பு வேலைக்காரர், ஒருவர் வண்டி ஓட்டியவர், ஒருவருக்குப் பாதி நினைவே போய்விட்டிருந்தது. அவருக்கும் அந்த வரி மட்டும் பிசகவில்லை. டேப்பை நிறுத்திவிட்டு வெளியே போய் டீ குடித்தேன்.

டேனரிக்குள் முற்றத்தைப் படம் பிடிக்க எப்படியோ அனுமதி கிடைத்தது. ஒருகாலத்தில் அங்கே வரிசையாகக் குழிகள் இருந்தனவாம். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்கள் வந்தபிறகு குழிகளைத் தூர்த்து மண் போட்டுச் சமமாக்கிவிட்டார்கள். இப்போது வெறும் மைதானம். தோல் காயப்போடும் மாடியின் படிக்கட்டில் அவளை நிறுத்தி, சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் கேட்டுக்குப் போவதை எடுக்கச் சொன்னேன்.

அன்று பிற்பகல் ஜன்னல்களில் கோணி கட்டி, டிவியில் போட்டுப் பார்த்தோம். வழக்கம்போல ஒரு முகம்கூட இல்லை. கால்கள், கால்கள், கால்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "டீச்சர், திருப்பிப் போடுங்க" என்றாள்.

திருப்பிப் போட்டேன். கூட்டம் மொத்தமாக வந்தது. முற்றத்தின் நடுவில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. பிரிந்த இடத்தில் பள்ளமில்லை, கல்லில்லை, தண்ணீர் தேங்கவில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் போல இருந்த இளவட்டங்கள்கூட முன்னால் போகிறவன் காலைப் பார்த்து வளைந்து போனார்கள். சிரித்துப் பேசிக்கொண்டேதான் வளைந்தார்கள். கூட்டம் போனபிறகு ஒரு நாய் வந்தது. அது நேராக நடந்து, அந்த இடத்திலேயே சுருண்டு படுத்தது.

"அங்க இன்னா கீது?" என்றாள் பெட்டி தூக்குகிறவள்.

தினமும் நீங்களும் அப்படித்தான் போகிறீர்களா என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆமாம், ஏனென்று தெரியாது என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இதோடு விட்டுவிடலாம், படத்துக்கு வேண்டியது இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

மறுநாள் பழைய மேஸ்திரியை முற்றத்துக்கு அழைத்து வந்தாள். குழிவேலை முழுவதையும் அந்தக் காலத்தில் பார்த்துக்கொண்டவர். நல்ல வெயில். அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் அவள் கேமராவோடு நின்றாள். அந்தப் பக்கம் அவர்.

"மாமா, என்னப் பாத்து நேரா நடந்து வாங்க."

வந்தார். பாதியில் இடதுபக்கம் வளைந்து வந்து சேர்ந்தார்.

"நேரா மாமா. இன்னொரு வாட்டி."

திரும்பப் போய் மறுபடி வந்தார். அந்த விளிம்பில் நின்றார். செருப்பைக் கழற்றினார். கோயில் வாசலில் கழற்றுவதுபோலக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

"வேணாம்மா. அவன் மேல கால் வெக்க மாட்டேன்."

கேமரா ஆடும் என்று நினைத்தேன். ஆடவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் படத்தில் ஒரு முகம் முழுதாக விழுந்தது.

அவளாக எதுவும் கேட்காமலே அவர் சொன்னார். குழிகளை மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அடியில் கிடந்த கசடை அள்ள, கடைசிக் குழியில் அவள் கணவன் இறங்கினான். விஷவாயு. இறங்கியவன் அப்படியே சாய்ந்தான். தூக்கப் போனவனும் மயங்கி விழ, அவனை மட்டும் கயிற்றில் இழுத்து எடுத்தார்கள். வெளியே தெரிந்தால் கம்பெனியை மூடிவிடுவார்கள், அத்தனை பேர் பிழைப்பும் போய்விடும் என்று மேனேஜர் சொன்னார். பெங்களூர் என்ற வார்த்தையையும் அவரே சொல்லிக்கொடுத்தார். "மூடச் சொன்னாங்க. மூடிட்டோம்மா."

"மூடும்போது உசுரு இருந்துச்சா மாமா?"

அவர் தரையைப் பார்த்தார். "பேரச் சொல்லிக் கூப்ட்டோம். சத்தம் வர்ல."

"மறுபடி கூப்ட்டீங்களா?"

அவர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் கேமராவை என் தோளுக்கு மாற்றினாள். நடந்துபோய் அந்த மண்ணில் உட்கார்ந்தாள். கட்டியவன் பெயரை எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். இவள் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் ஊன்றி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திட்டுகிற குரலும் இல்லை, அழுகிற குரலும் இல்லை. சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரல். கூப்பிட்டுவிட்டு மண்ணில் காதை வைத்தாள்.

டிரம்கள் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றிருந்தன. கேட்டருகே நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி துண்டை இறக்கினார். பேய் பிசாசு என்று யார் ஆரம்பித்தாலும் எழுந்து போய்விடுகிற நானும் கேமராவோடு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பதில் வரும் என்றுதான் நினைத்தேன்.

அவள் தலையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் உரக்க, மறுபடி கூப்பிட்டாள்.