குளிரறையில் வேர்த்தவள்

அவளை நாங்கள் ஹீட்டர் என்றுதான் கூப்பிடுவோம். உறைந்த பட்டாணியும் சோளமும் கூரை வரை அடுக்கியிருக்கும் குளிரறையில், நாங்கள் எல்லோரும் பஞ்சு வைத்த கோட்டும் கையுறையும் குல்லாவுமாகக் கரடி மாதிரி நடந்துகொண்டிருப்போம். இவள் மட்டும் கோட்டைக் கழற்றிப் பெட்டி மேல் போட்டுவிட்டு, அரைக்கைச் சட்டையோடு வேலை பார்ப்பாள். வேறு என்ன பேர் வைப்பது? பேர் வைத்ததும் நான்தான். நல்ல பேர்.

முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை. நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். வெளியே வரச் சொல்லி மணி அடித்தால் நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி, பக்கத்து அறையில் கைக்குச் சூடு காட்டிக்கொண்டு நிற்போம். அவள் கடைசிப் பெட்டியை நேராக வைத்து, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வருவாள். "மகாராணி மெதுவா வாங்க" என்று நான் கத்தினால், "பட்டாணி எங்கயும் ஓடிடாதுடி" என்பாள்.

அந்த மனுஷிக்குத்தான் இந்த வருஷம் உட்காரவே தெரியாமல் போயிற்று. நாற்காலியில் உட்காருவாள், எழுந்திருப்பாள். டீயைக் கையில் எடுப்பாள், குடிக்காமல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போவாள். ஒரு சாப்பாட்டு டப்பா இரண்டாகியும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. "எங்கடி போகுது எல்லாம்? எங்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் குடேன்" என்று பாதிப் பேருக்குப் பொறாமை. அதைவிடக் கூத்து, ஆளாளுக்குக் குளிரறைக்குள் போகவேண்டிய தங்கள் முறையை அவள் தலையில் கட்ட ஆரம்பித்தார்கள். ஹீட்டருக்குத்தான் குளிரே இல்லையே, நமக்கென்ன. அவளும் போய்க்கொண்டே இருந்தாள். உள்ளே இருந்தால்தான் கொஞ்சம் உயிர் வருகிறது என்றாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. எனக்கும் மாதவிலக்கு தாறுமாறாகப் போய்க்கொண்டிருந்த நேரம். "நின்னு போற வயசுடி, எனக்கும்தான் குப்புன்னு வெக்கை ஏறுது. எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான்" என்று நான் முடித்துவிட்டேன்.

ஒரு நாள் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "செத்துடுவேன் போல இருக்குடி" என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. மேனேஜர் வந்தார். எங்கள் பிள்ளைகள் வயசு அவருக்கு, ஆனால் நல்ல பையன்.

"பேனிக் அட்டாக்கா இருக்கும்க்கா. மூடின இடம்னா சிலருக்கு அப்படி வரும். மனசு சம்பந்தப்பட்டதுதான். டாக்டரைப் பாருங்க."

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் மனசு என்ற வார்த்தை விழுந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று மறுபடி உள்ளேயே போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். என்னால் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, பாதி ஓட்டமாக ஓடிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டேன்.

"எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான்டி வந்துச்சு. உட்கார மாட்டா, தூங்க மாட்டா, வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வருவா. கை நடுங்கும். கண்ணு ரெண்டும் முழிச்சுக்கிட்டே இருக்கும். வெளிய மழை கொட்டும், ஜன்னலைத் திறங்க, ஜன்னலைத் திறங்கன்னு கத்துவா. டாக்டர் வந்து தூங்கறதுக்கு ஊசி போட்டாரு. புத்தி பேதலிச்சுடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. பின்னாடி ரூம்ல விட்டுத் தாழ்ப்பாள் போட்டாங்க."

"அப்புறம்?"

"அந்த ரூம்லயே போய்ச் சேர்ந்தா."

பஸ் நிறுத்தம் வந்தும் அவள் நிற்காமல் இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டே சொன்னாள்.

"இப்ப என் முறை. நான் ராத்திரில எழுந்து வாசல்ல போய் நிக்கறேன்னு எங்க வீட்டு மனுஷன் நேத்துக் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில வச்சிட்டாரு. பயந்துட்டுத்தான் பண்றாரு, பாவம். ஆனா பூட்டு பூட்டுதானே? டாக்டர்கிட்ட மட்டும் என்னைக் கூப்பிடாதே. அவங்க ஒரு பேரு வச்சுட்டா அப்புறம் அதான் நான்."

அன்றிலிருந்து எனக்கும் நிலைகொள்ளவில்லை. மனசு கேட்கவில்லை, அவளை விட்டு நகரவும் முடியவில்லை. குளிரறைக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது, ஜோடியாகத்தான் போகவேண்டும். அவளோடு நானே போனேன்.

அங்கேதான் எனக்கு ஏறியது. நெஞ்சில் ஆரம்பித்துக் கழுத்து, காது, முகம் என்று அடுப்பைத் திறந்த மாதிரி வெக்கை. கோட்டு ஜிப்பைச் சரேலென்று இறக்கினேன். அடடா! வெக்கை ஏறும்போது குளிரறைக்குள் நிற்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும். சோள மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம்தான், வேர்த்துக் கொட்டி அடங்கிவிட்டது. அடங்கிய கையோடு அந்த ஈரத்தில் குளிர் பிடித்துக்கொண்டது. பல் தந்தியடிக்க ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

அவள் அரைக்கைச் சட்டையோடு அப்படியே நின்றாள். மேலுதட்டில் வேர்வை. நாங்கள் உள்ளே நுழைந்தபோது இருந்த அதே வேர்வை. பெட்டியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த விரல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"உனக்குக் குளிரவே இல்லையாடி?"

"இல்ல."

"இப்ப பயமா இருக்கா?"

"எதுக்குப் பயம்? லேபிள் ஒட்டறேன்."

கையுறையைக் கழற்றி அவள் நெஞ்சில் கையை வைத்தேன். உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பயம் இல்லன்னா எதுக்குடி இப்படி ஓடுது? எனக்கு வருது, போகுது. உனக்குப் போகவே மாட்டேங்குதே! இது என்னுது இல்லடி. இது வேற."

அவள் என்னையே பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டுக்காரரும் வந்தார். வழியெல்லாம் அவர் சட்டைப் பையில் சாவி குலுங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. சும்மா படுத்திருக்கும்போதும் நெஞ்சு அடிக்கிறதா, வயிறு அடிக்கடி போகிறதா, எடை குறைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இதயத்துக்கு ஈசிஜி எடுத்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேனேஜர் வேறு தினமும் "என்னாச்சுக்கா?" என்று என்னைத்தான் பிடுங்குவார்.

தைராய்டு. அளவுக்கு மேல் சுரக்கிறதாம்.

"பேனிக்னா திடீர்னு உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்கிடும்" என்றார் டாக்டரம்மா. "மாதவிலக்கு நிக்கற சமயத்துல வர்ற வெக்கையும் வந்து போறதுதான். உங்களுக்கு ராத்திரி பகல் ஓயாம இருக்கு. நெஞ்சு முதல்ல ஓடுது, அதைப் பார்த்துப் பயம் பின்னாடி வருது. ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கும்மா. ரெண்டு சேர்ந்தும் வரலாம். ரத்தத்தைப் பார்க்காம யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

நான்தான் அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கை நடுக்கம், முழித்த கண், ஜன்னல். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இருந்திருக்கலாம். இப்ப உறுதியா சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அவள் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். அவளும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாத்திரை போட்டதும் மறுநாளே சரியாகிவிடவில்லை. வாரக்கணக்கில் இழுத்தது. "ஒண்ணும் கேக்கலடி, எல்லாம் சும்மா" என்று நடுவில் ஒரு நாள் மாத்திரையைத் தூக்கியெறியப் போனாள். நான் போட்ட சத்தத்தில் மேனேஜரே எட்டிப் பார்த்தார்.

அப்புறம் ஒரு நாள் குளிரறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏய்."

"என்னடி?"

"குளிருதுடி."

நான் போட்ட கூச்சல் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். "ஹீட்டருக்குக் குளிருதாம்! எல்லாரும் வாங்க!" என்று ஆடாத குறைதான். பெட்டி மேல் கிடந்த கோட்டை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி, நல்ல நேரத்துல?"

"அம்மாவுக்கு வேர்த்திருக்குடி. அதுக்குத்தான் ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கா. வேற ஒண்ணும் கேக்கலையே அவ." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு நாள் எல்லாரும் வெளிய போயிட்டாங்க. அன்னைக்குத் தாழ்ப்பாளைப் போட்டது நான்தான்டி. பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தேன். எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுடி" என்றேன். "உங்க வீட்டுல யாருக்குமே தெரியலயேடி."

மணி அடித்தது. அவள் கடைசிப் பெட்டியை நேராக வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். அவள் கோட்டு ஜிப் பாதியில் சிக்கியிருந்தது. நான் அதைக் கழுத்து வரை இழுத்து விட்டேன்.