அறைக்கு வெளியே நாற்பது நிமிடங்கள்

ஜெயந்தியின் இடது கால் செருப்பு கழன்று விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. மலேசியாவில், பண்டார் தெங்காரா ஊரின் வாரச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் வந்த ஒரு மலாய்க்கார அம்மா செருப்பை எடுத்துக் கொடுத்தபோதுதான் என் மனைவி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"மரத்துப் போச்சுங்க" என்றாள்.

அவள் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை செய்தாள். காலையிலிருந்து நிற்பதால்தான் இருக்கும் என்று சொன்னேன். மறுநாள் இடுப்பைச் சுற்றி யாரோ பெல்ட்டை இறுக்கிக் கட்டியது போலிருக்கிறது என்றாள். மூன்றாம் நாள் காலையில் அவளால் சிறுநீர் கழிக்க முடியவில்லை. கட்டிலை விட்டு எழவும் முடியவில்லை.

ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனை. ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். டிரான்ஸ்வெர்ஸ் மையலைட்டிஸ் (முதுகுத் தண்டின் குறுக்கே ஏற்படும் அழற்சி, அதற்குக் கீழே மூளையிலிருந்து செய்தி போகும் வழி அடைபட்டுவிடும்). ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பிறகு ரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றும் சிகிச்சையும் நடந்தது.

"நடப்பாங்களா டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாது. ஆறு மாசம் போகட்டும், பாப்போம்."

ஆறு மாதம் போனது. வலது காலின் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. கைகள் பழையபடி வலுவாக இருந்தன. இடுப்புக்குக் கீழே சூடும் இல்லை, குளிரும் இல்லை, வலியும் இல்லை.

எங்கள் வீடு கடை வரிசையின் இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் அவளை முதுகில் சுமந்து இறங்குவேன். மற்ற நாட்களில் அவள் கீழே வருவதே இல்லை. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டும் வேலையை விட்டேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட வேண்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவது எல்லாம் நான்தான். இரண்டு வருடம் அப்படிப் போனது.

கூலாய் பக்கம் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு சில வீடுகள் கட்டியிருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். அகலமான கதவு, படியில்லாத வாசல், நாற்காலியோடு நுழையும் குளியலறை, தாழ்வான அடுப்பு மேடை. மணியை அழுத்தினால் உதவியாளர் வருவார். குடும்பமும் உடன் தங்கலாம்.

ஆனால் முதலில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை ஒருவர் எந்த அளவுக்குத் தானே செய்கிறார் என்று பார்த்துப் பயிற்சி தருபவர்) வந்து மதிப்பிட வேண்டும். "நேரத்துக்கு ஒரு தடவ ஆள் வந்தா போதும்ங்கிறவங்களுக்குத்தான் இந்த வீடு. நாள் பூரா ஆள் வேணும்னா பராமரிப்பு இல்லத்துக்கு எழுதுவாங்க" என்று தொலைபேசியில் சொன்னார்கள். பராமரிப்பு இல்லத்தில் கணவன் தங்க முடியாது.

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அவளுடைய வால் எலும்புக்கு மேலே ஒரு புண் இருந்தது. இருபது காசு நாணயத்தின் அளவுக்கு. ஒரு மாதமாக ஆறவில்லை. அதைப் பார்த்தால் என்ன எழுதுவார்களோ என்று பயந்தேன்.

"கேட்டா எல்லாம் முடியும்னு சொல்லு ஜெயா. புண்ணு கிண்ணு ஒன்னும் இல்லன்னு சொல்லிடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பொய் சொல்லி வீடு வாங்கிட்டு, அங்க போயி யாருலா எல்லாம் செய்வா?"

நான் எழுந்து கைகழுவப் போனேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு தெரபிஸ்ட் வந்தார். பெயர் பிரேமா. முப்பது வயது இருக்கும். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. பையில் அளவு நாடாவும், வழுவழுப்பான ஒரு நீளப் பலகையும் இருந்தன. கட்டிலின் உயரத்தை அளந்தார். நாற்காலியின் அகலத்தையும் குளியலறைக் கதவையும் அளந்தார். கதவு நாற்காலியைவிடக் குறுகலாக இருந்தது.

"எப்படிக்கா குளிக்கிறீங்க?"

"நான் தூக்கிட்டுப் போயிடுவேன் மிஸ்" என்றேன்.

"சமையல்?"

"அதுவும் நான்தான்."

"கதீட்டர்?"

"நான்தான் போடுவேன். இவளுக்குச் சிரமம் கொடுக்கிறது இல்ல."

பிரேமா எழுதுவதை நிறுத்தினார். "அண்ணே, கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா? அக்காகூட நான் தனியா பாக்கணும். நான் கூப்பிட்டா மட்டும் வாங்க."

அவளை இன்னொருவரிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வெளியே நான் நின்றது அதுதான் முதல் தடவை. கீழே சாப்பாட்டுக் கடையில் யாரோ தே தாரிக் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். செம்பனைப் பழம் ஏற்றிய லோரி ஒன்று போனது. உள்ளே சக்கரம் உருளும் ஓசை. தாழ்ந்த குரலில் பேச்சு. பிறகு ஜெயந்தி சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை. அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அரை மணி நேரம் கழித்து உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது.

கைப்பிடியைத் திருகிவிட்டேன். கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"வராதீங்க!"

ஜெயந்தியின் குரல். பிரேமாவினுடையது இல்லை. கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றேன். உள்ளே மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. "மெதுவா... கைய ஊனுங்க... இன்னும் கொஞ்சம்..." அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நான் அப்போது கும்பிட்டேனா திட்டினேனா என்று நினைவில்லை.

"உள்ள வாங்கண்ணே."

பக்கத்து ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. ஜெயந்தி சக்கர நாற்காலியில் இருந்தாள். நெற்றியில் வேர்வை. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அந்தப் பலகை. அதன் மேல் நகர்ந்து நகர்ந்து அவளே வந்திருக்கிறாள். பன்னிரண்டு நிமிடம் ஆனது என்று பிரேமா சொன்னார். நான் தூக்கினால் அரை நிமிடம்.

"இப்ப நீங்க எப்பவும் எப்படித் தூக்குவீங்களோ, அப்படியே காட்டுங்க."

குனிந்து அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். பாதி வழியில் என் இடுப்பில் சுரீரென்று பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் இறக்கினேன். அவள் பின்பாகம் சக்கரத்தின் மேலும் மெத்தையின் மேலும் தேய்ந்துகொண்டு போனதைப் பிரேமா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒருக்களிச்சுப் படுங்க. தோலைப் பாத்துக்கறேன்."

துணியை விலக்கிக் குனிந்து பார்த்தார்.

"இது எத்தனை நாளா இருக்குண்ணே?"

"போன வாரம்..." என்றேன்.

"ஒரு மாசம்" என்றாள் ஜெயந்தி, சுவரைப் பார்த்தபடி.

பிரேமா கோபப்படவில்லை. புண் அழுத்தத்தால் மட்டும் வருவதில்லை, தோல் இழுபட்டாலும் வரும் என்று விளக்கினார். நான் தூக்கும்போதெல்லாம் அந்த இடம் இழுபட்டிருக்கிறது. அவளுக்கு வலி தெரியாது. எனக்கும் தெரியவில்லை. உட்காரத் தோன்றியது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நல்ல நாளைக் காட்டி வீடு வாங்காதீங்கண்ணே. கஷ்டமான நாளைக் காட்டுங்க. அப்பதான் சரியான உதவியை நான் எழுத முடியும்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கடைசியா ஒரு கேள்விக்கா. எந்த வேலைக்கு யாரு உதவணும்னு நீங்க விரும்புறீங்க?"

"கதீட்டர் நானே போட்டுக்குவேன், கத்துக் கொடுங்க. சமையல் நானே பண்ணுவேன். குளிக்கிறதுக்கு மட்டும் ஒரு பொம்பள ஆளு வேணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இவரு வேணாம்."

பிரேமா போன பிறகு நான் ஸ்டூலை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். சாயங்காலம் அவளே ஆரம்பித்தாள்.

"கோவமா?"

"ரெண்டு வருஷம் செஞ்சேன். என்ன கொறை வெச்சேன்?"

"கொறையே இல்ல. நீங்க என்னைத் தொடுறதெல்லாம் வேலையா போச்சு. அவ்வளவுதான்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் கைப்பேசி அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன். வீடு இல்லை என்று எழுதவில்லை. பராமரிப்பு இல்லம் என்றும் எழுதவில்லை. புண் ஆறிய பின் மறுமதிப்பீடு, பலகைப் பயிற்சி, கதீட்டர் பயிற்சி. கடைசிப் பத்தி என்னைப் பற்றி: பராமரிப்பவருக்கு முதுகுப் பரிசோதனை தேவை, இனி தனியாகத் தூக்கக் கூடாது.

புண் ஆற இரண்டரை மாதம் பிடித்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பிப் படுத்தாள். கதீட்டரைத் தானே போடக் கற்றுக்கொண்டாள். பலகையில் பழகிப் பழகிப் பன்னிரண்டு நிமிடம் ஏழானது. ஒரு முறை வழுக்கி விழுந்து தோளில் கன்றிப்போனது. மறுமதிப்பீட்டுக்குப் பிரேமா வந்த அன்று, கேட்பதற்கு முன்பே நான் வெளியே போய் நின்றேன்.

வீடு கிடைத்தது.

என் முதுகைப் பார்த்த டாக்டர், எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு முதல் காய்ச்சல் வந்த தேதி, முதல் விரல் அசைந்த தேதி எல்லாம் நினைவில் இருந்தன. என் உடம்புக்கென்று ஒரு தேதியும் இல்லை. இதைப் படிக்கும் நீங்கள் யாரையாவது பார்த்துக்கொள்பவராக இருந்தால், அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய வீட்டில் காலை வேலை முடிய அவளுக்கு ஒன்றரை மணி நேரமாகிறது. உதவிக்கு வரும் அக்கா குளிப்பதற்கு மட்டும் உதவுவார். மற்றதெல்லாம் அவள். கைலியை இழுத்து முடிச்சுப் போடக் கால் மணி நேரம். முன்பு அந்தக் கால் மணி நேரத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. இப்போது நாளிதழ் படிக்கிறேன்.

நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். கூலாய்ப் பக்கத்து ஆலை ஒன்றில், எடைமேடை அலுவலகத்தில், உட்கார்ந்து செய்யும் வேலை. மதியம் இரண்டு மணியானால் என்னையறியாமல் எழுந்து நிற்கிறேன். கதீட்டர் நேரம். கைகழுவக் குழாயைத் தேடுகிறேன்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?" என்று பக்கத்து மேசையில் இருப்பவர் கேட்பார்.

"எங்கேயும் இல்ல" என்று சொல்லி உட்காருவேன். அந்த நேரத்தில் அவள் குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டிருப்பாள்.