எனக்கு முன்பே போய்விட்ட என் ஓட்டு

என் கணவர் போலீஸ்காரர். எண்பதுகளில் நாங்கள் போலீஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். அப்போது வந்த ஒரு பொதுத் தேர்தலில் எங்கள் தொகுதி எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஃபேக்டரி பஸ்ஸிலும் அதே பேச்சுதான். கட்சிக்காரர்கள் நோட்டும் கையுமாக ஃபிளாட் ஃபிளாட்டாக ஏறி, எந்த வீட்டு ஓட்டு யாருக்கு என்று குறித்துக்கொண்டு போனார்கள். எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் மட்டும் ஒருவரும் வரவில்லை. கோயிலில் பார்த்த ஒரு கட்சிக்காரரிடம் ஏன் என்று கேட்டேன். அங்கே வந்து என்ன பிரயோசனம், முன்னாடியே போட்டு முடித்திருப்பார்களே என்றார். போலீஸ்காரர்களுக்குத் தேர்தலன்று டியூட்டி இருக்கும், அதனால் சில நாள் முன்பே தபால் ஓட்டுப் போட்டுவிடுவார்கள். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஜெலுத்தோங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை ஓட்டுப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவையும் அங்கேயே போனேன். வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, உள்ளே போய் ஐசி அடையாள அட்டையை நீட்டினேன். மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண் பட்டியலில் விரலை ஓட்டி, என் பெயரில் நிறுத்தினாள். என் பெயர் தபால் ஓட்டில் இருப்பதாகவும், இங்கே ஓட்டுச் சீட்டுக் கொடுக்க முடியாது என்றும் மரியாதையாகவே சொன்னாள். நான் போலீஸ் இல்லை என்றேன். போலீஸ்காரர் மனைவிக்கும் அப்படித்தான் என்று விளக்கினாள். எனக்கு எந்தக் கவரும் வரவில்லையே என்றேன். வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்றாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அத்தனை பேர் பார்க்க, திருட வந்து மாட்டிக்கொண்டவள் மாதிரி வெளியே வந்தேன்.

கணவர் மறுநாள் காலையில்தான் டியூட்டி முடிந்து வந்தார். அதற்குள் ரேடியோவில் முடிவு சொல்லிவிட்டார்கள். எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்திருந்தார். காப்பியை வைத்துவிட்டு நேராகக் கேட்டேன்.

"ஆமா, கவர் ஸ்டேஷனுக்கு வந்துச்சு. ரெண்டு பேருக்கும் நானே போட்டு அனுப்பிட்டேன். ஒரே வீடுதானே?" என்றார்.

என் கையெழுத்து என்ன ஆனது என்று கேட்டேன். அதையும் தானே போட்டதாகச் சொன்னார், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே.

"சரி, என் ஓட்டை யாருக்குப் போட்டீங்க?"

"அதெல்லாம் கேட்கக்கூடாது. ஓட்டு ரகசியம்லா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்தார். குடிக்காதவர், என்மேல் ஒரு நாளும் கை ஓங்காதவர். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் என் ஓட்டு அந்தப் பெட்டியில் எந்தப் பக்கம் கிடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தபால் ஓட்டில், இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று ஒருவர் சாட்சி எழுத வேண்டும். எனக்கு எழுதியவர் பக்கத்து வீட்டுப் போலீஸ்காரர். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். என்னைப் பார்க்காமலே எப்படி அண்ணே எழுதினீங்க என்று கேட்டேன். எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான், இதைப் பெரிசுபடுத்தாதே என்றார்.

எல்லார் வீட்டிலுமா என்று எங்கள் பிளாக்கில் இருந்த பெண்களிடம் விசாரித்தேன். சிலர் சிரித்தார்கள். போனால் போகட்டும் என்றார்கள் சிலர். மாடியில் இருந்த ஓர் அக்கா மட்டும், "அப்படி ஒரு கவர் வருதுன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

அடுத்த தேர்தல் தேதி அறிவித்த அன்றே கணவரிடம் சொல்லிவிட்டேன், கவர் பிரிக்காமல் என் கைக்கு வரவேண்டும் என்று. கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்து வீட்டு அண்ணனை வரச் சொல்லி, அவர் எதிரில் கையெழுத்துப் போட்டேன். ஐசியையும் நீட்டினேன். தெரிந்த ஆள்தானே என்று சிரித்தார். நம்பரை வாசிக்கும்வரை நான் கையை மடக்கவில்லை. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குப் பிடித்த சின்னத்துக்கு நேரே குறி போட்டுக் கவரை ஒட்டினேன்.

என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்கள் கவரைக் கேட்டு வாங்கினார்கள். மாடி வீட்டு அக்காவும் கேட்டிருக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதை வைத்து என்ன செய்வாள் என்று அவர் கணவர் சொல்லிவிட்டார். தமிழ்ப் பேப்பரை எங்களுக்கெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டுகிற அக்கா அவர். ஓட்டுச் சீட்டில் படிப்பதற்கு என்ன இருக்கிறது, சின்னம்தானே போட்டிருக்கிறது என்று நான் மாடி ஏறிப் போய்க் கேட்டேன். அந்த மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அக்கா பெயரில் அந்தத் தேர்தலிலும் ஓட்டு போனது. அதை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.