பெரியம்மாவின் பித்தளைக் குடம்

எனக்கு எழுபத்திரண்டு முடிந்துவிட்டது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஒருத்தரிடமும் கை நீட்டியதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் நானேதான் எழுதுவேன். நேற்று மிக்ஸி புகைந்து நின்றுபோனது. ரிப்பேருக்குக் கொடுப்பதா, தூக்கிப்போட்டுப் புதிது வாங்குவதா என்று மகனும் மருமகளும் கேபிள் டிவி சத்தத்தையும் மீறி வழக்காடினார்கள். எனக்கு எங்கள் வீட்டுக் குடம் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. தொண்டாமுத்தூரில் இருந்தோம். என் அம்மா, அப்பாவுக்கு இரண்டாம் தாரம். மூத்தவள், எனக்குப் பெரியம்மா, கல்யாணமான மறுவருடமே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடம் மட்டும், கழுத்தோரம் அவள் பேர் வெட்டியபடி எங்கள் வீட்டில் இருந்தது. அடியில் ஓட்டை விழுந்து இரண்டு முறை ஈயம் வைத்துப் பற்றவைத்தாயிற்று. அதைத்தான் அம்மா கிணற்றுக்கு எடுத்துப்போவாள்.

"ஏனம்மணி, இன்னும் மூத்தாளை இடுப்புல சொமந்துட்டுத் திரியறயா?" என்று கிணற்றடியில் கேட்பார்கள். எல்லோரும் சிரிக்க, அம்மாவும் சிரிப்பாள். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கும். அம்மாவுக்குத் தன் பேர் போட்ட புதுக்குடம் வரவேண்டும்.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லை. அம்மிக் குழவியை எடுத்து, அந்த எழுத்தின் மேலேயே குறி பார்த்து இரண்டு போடு போட்டேன். கழுத்து நசுங்கி விரிசல் விட்டது. குழவியைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன்; அவ்வளவு கெட்டிக்காரி.

அப்பா குடத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதுல இனிப் பத்த வெக்க என்ன கெடக்குது? போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கலாம். உன்ற பேரையே வெட்டிப்போடலாம்."

எனக்கு வாயெல்லாம் பல்.

"அது ஆகாதுங்க" என்றாள் அம்மா.

அடுத்த சந்தை நாளில் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு உக்கடம் போனாள். பாத்திரம் பற்றவைக்கும் பாய் குடத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஒட்டுக்கு நடுவுல குடம் எங்கிருக்குதுன்னு தேடோணும் போல. புதுசு வாங்கிக்குங்கம்மா."

"ஒழுகினா ஒழுகட்டுமுங்க பாய். அந்த எழுத்து நிமுந்து வந்தாப் போதும்."

அவர் வெகுநேரம் பொறுமையாகத் தட்டினார். பாதி நிமிர்ந்தது, பாதி நிமிரவில்லை. வரும் வழியெல்லாம் நான் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

ஆடி நோம்பிக்கு, பெரியம்மாவைப் பெற்ற அமுச்சி வழக்கம்போல வந்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டாள். குடத்தருகே போய் உட்கார்ந்து, கழுத்தை ஒரு கையால் தடவிக்கொண்டே தானே சாய்த்துக் குடிப்பாள். அன்றைக்கு அவள் கை நசுங்கிய இடத்தில் நின்றுவிட்டது.

"இதென்ன கண்ணு, இப்படி ஆயிப்போச்சு?"

"நாந்தானுங்கம்மா, கை தவறிப் போட்டுட்டேன்" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே.

அமுச்சி நசுங்கிய எழுத்தை விரலால் ஒருதரம் தடவினாள். பிறகு, "உன்ற காலுல உழுகாமப் போச்சே, அது போதும்" என்றாள்.

தப்பித்தோம் என்று நான் விளையாட ஓடிவிட்டேன். வீட்டில் போட்டோ இல்லாத காலம். செத்துப்போன மகளைத் தொட்டுப்பார்க்க அந்தக் கிழவிக்கு அந்த எழுத்துதான் மிச்சம் என்று எனக்குத் தெரியாது. அம்மா ஏன் என் பக்கம் திரும்பவில்லை என்பதும் தெரியாது.

பேத்திக் கண்ணு, இதை ஒருதரம் சத்தமாகப் படித்துக் காட்டு. அமுச்சி பேசுகிற இடத்தில் மட்டும் அவசரப்படாதே.