கரியாலூரில் நாலு ஸ்பூன் சர்க்கரை

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டிக்குக் காத்து நின்றபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். இரண்டு நாளைக்கு என் ரத்தத்தைப் பற்றி யாருக்கும் கணக்குச் சொல்லப் போவதில்லை.

எனக்குப் பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். தினமும் நாலு ஊசி. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம், கருவியில் ஒரு எண், அதை வைத்து ஒரு கூட்டல் கழித்தல். உளுந்தூர்பேட்டையில் நான் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். கூட்டல் கழித்தலைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை. ஆனாலும் மூன்று வாரமாக அந்தக் கருவியைத் தொட எனக்குக் கை வரவில்லை. ஊசியை மட்டும் ஏதோ ஓர் உத்தேசத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன், விழவில்லை. "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, மனசு அலுத்துப்போச்சு. ரெண்டு நாள் எங்கனா போய்ட்டு வாங்க. ஊசிய மட்டும் வுட்றாதீங்க. ஆனா இப்டியே பாக்காம கொள்ளாம போய்க்கினு இருந்தீங்கன்னா ஆஸ்பத்திரி கட்டில்லதான் முடியும்" என்றார்.

கூட வந்தவர் என் கணவர் சார்லஸ். எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர்தான். ஆனால் காலையில் எழுந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எவ்ளோ இருக்குது?" எண் கூடினால் முகம் சுருங்கும், குறைந்தால் மலரும். பள்ளியில் பிள்ளைகளுக்கு மார்க் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே எனக்கு மார்க் போட ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

வண்டி வடக்கனந்தல், கச்சிராயபாளையம் வழியாகப் போனது. டிக்கெட் இருவருக்கும் சேர்த்து எண்பது ரூபாய். வழி நெடுகக் கரும்பு லாரிகள், காற்றில் ஆலையின் பாகு வாசனை. சர்க்கரையை விட்டு ஓடுகிறவள் சர்க்கரை ஆலை வழியாகத்தான் ஓட வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். சார்லஸ் சிரிக்கவில்லை. கோமுகி அணை தாண்டியதும் மலைப்பாதை வளைவுகள் தொடங்கின. ஜன்னலில் குளிர்ந்த காற்று அடித்தது, காது அடைத்துத் திறந்தது. பதினொன்றரைக்குக் கரியாலூரில் இறங்கினோம். சின்ன விடுதி, அறை வாடகை தொள்ளாயிரம். அன்றைக்கு முழுக்கத் தூங்கினேன். சார்லஸ் நாலைந்து தடவை வாயைத் திறந்து, கேட்க வந்ததை விழுங்கினார். அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஊசி போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மேகம் அருவிக்குக் கிளம்பினோம். பாதை நெடுக ஏற்றமும் இறக்கமும்தான். சமவெளிக்காரர்களின் முழங்கால் அங்கே நன்றாகப் பேசும். ஆனால் அருவி அந்த வலிக்கு வட்டியோடு கொடுத்துவிட்டது. தெறித்த நீரில் முகத்தைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

திரும்பி ஏறும்போது கை நடுங்கியது. குளிரிலும் வியர்த்துக் கொட்டியது. எனக்கு உடனே புரிந்தது. உத்தேசமாகப் போட்ட ஊசி, இரண்டே இட்லி, மேலே இந்த நடை. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது. அந்த நேரத்தில் இனிப்புதான் மருந்து, தாமதித்தால் மயக்கம்.

பையைத் திறந்தால் நாலு பாக்கெட் சர்க்கரை இல்லாத பிஸ்கட். எங்கள் பக்கத்தில் சர்க்கரைக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள் இதைத்தான் வாங்கி வருவார்கள், வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது. எப்போதும் பையில் இருக்கும் குளுக்கோஸ் பொட்டலத்தைக் காணோம். "நீதான் டெஸ்டே பண்றதில்லயே, இனிப்பு எதுக்குன்னு வூட்லயே வெச்சிட்டேன்" என்றார் சார்லஸ். கருவியும் விடுதி அறையில் கிடந்தது.

நல்லவேளையாக, பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் ஒரு டீக்கடை. நடத்துகிறவர் பொன்னி, முப்பத்தைந்து வயது இருக்கலாம். என்னை பெஞ்சில் சாய்த்துவிட்டு சார்லஸ் பதற்றத்தோடு சொன்னார்: "டீ ஒண்ணு குடும்மா. சக்கரை இல்லாம."

"நாலு ஸ்பூன் போடுங்க!" என்று நான் கத்தினேன்.

பொன்னி ஸ்பூனை எடுத்தார். சார்லஸ் தம்ளரின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "வேணாம், வேணாம், அவங்களுக்கு சுகர்!" பதினொரு வருஷப் பழக்கம் அது. மனிதர் யோசிக்கவே இல்லை.

"அண்ணா, கைய எடுங்க. அவங்க மூஞ்சப் பாருங்க, வெளுத்துப்போச்சு" என்றார் பொன்னி. கையை ஒதுக்கிவிட்டு அவரே சர்க்கரையைக் கொட்டி ஆற்றிக் கொடுத்தார். குடித்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அவித்த மரவள்ளிக் கிழங்கு ஒரு துண்டும் சாப்பிட்டேன். சார்லஸ் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குப் பின்னால் ஓர் ஆள் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, சார்லஸ் யாரென்று விசாரித்தார்.

"எங்க வூட்டுக்காரருங்க. மக்காச்சோளக் கொல்லையில காட்டுப்பன்னி பூந்துடுது. ராவெல்லாம் பரண் மேல காவல். நேத்து அவரு, இன்னிக்கி நானு, நாளைக்கி எங்க கொழுந்தன்."

"ஒருத்தரே பாத்துக்கக் கூடாதா?"

"ஒருத்தரே தெனம் முழிச்சிக்கினு இருந்தா இன்னா ஆவும்? நாலாம் நாளு பரண்லயே தூங்கிடுவாங்க. பன்னி உள்ள பூந்துடும். அப்பறம் தூங்குனவங்களத் திட்டி இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டுப் பொன்னி அடுத்த டீக்குப் பால் ஊற்றப் போனார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வாரமாக என்னை நானே சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்று வைதுகொண்டிருந்தேன். நான் பரணில் தூங்கிப்போனவள், அவ்வளவுதான். சார்லஸிடம் அங்கேயே சொன்னேன்: "நீங்களும் காவல் காக்கறதா நெனச்சிக்கினு இருக்கீங்க. இல்லங்க. விடிஞ்சப்புறம் வந்து பன்னி பூந்துச்சா இல்லயான்னு கேட்டுட்டுப் போறீங்க. எனக்கு அது வேணாம். முறை போட்டுக்கங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாரத்துல ரெண்டு நாளு என்னுது. இன்னிக்கே ஆரம்பிக்கறேன்" என்றார்.

பிற்பகல் இரண்டு மணி. கீழே இறங்கும் வண்டிக்கு முன் விடுதியில் சாப்பாடு, ஆளுக்கு நூறு ரூபாய். நான் விரலை நீட்டினேன். அவருக்கு இரண்டாம் குத்தில்தான் ரத்தம் வந்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவர் முகம் சுருங்கப் போய், பாதியில் நின்றது. டாக்டரம்மா எழுதித் தந்த ஊசி அளவுச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டார்.

"சோறு எவ்ளோ துன்னுவ?"

"நீங்கதான் சொல்லணும்."

"டீயில போட்ட சக்கரை இன்னும் இருக்குமா? காலையில நடந்தமே, அத எதுல கழிக்கறது? இனிமே பஸ்ல சும்மாத்தான உக்காரப் போறோம்? இலையில கெழங்குப் பொரியல் இருக்குதே, அதயும் சேக்கணுமா?"

தப்பாகச் சொன்னால் தடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிழங்கைத் தள்ளிவைத்தார், சோற்றை அளந்து வைத்தார், சீட்டில் விரலை ஓட்டிக் கடைசியில் ஊசிக்கு ஓர் அளவு சொன்னார். சரியான அளவுதான். அதற்குள் அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது. சீட்டை மடிக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எஸ்தரு, இவ்ளோத்தயும் தெனம் நாலு வாட்டி நீ ஒருத்தியே யோசிச்சிக்கினா இருந்த?"

எனக்கு அழுகை வந்தது, தலையை மட்டும் ஆட்டினேன். ஊசியைப் போட்டுக்கொண்டு, அவர் வைத்த சோற்றைப் பிசைந்தேன். எத்தனை கவளம் என்று எண்ணவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது.